முதல் புக்கிங் கேன்சல், இரண்டாவதும் அதே வழியில்: பெங்களூரில் புதிதாக மாடி வீடு விடுகிறேன், வழி சொல்லுங்கள்

மர்ஃபி டவுன் மாடி
செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன். ஒரு பெட்ரூம், சின்னச் சமையலறை, தனிப் படிக்கட்டு. பத்து வருடம் வாடகைக்கு இருந்த குடும்பம் ஓசூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. மறுபடி அட்வான்ஸ் வாங்கி யாரையாவது வைக்கலாம் என்றார் அம்மா. நான்தான் நாள் கணக்கில் வீடு விடுகிற ஏர்பிஎன்பி தளத்தில் போட்டுப் பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றேன். முதல் புக்கிங் நான்கு இரவு, இரவுக்கு 2400 ரூபாய். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் இரண்டு ஜோடி பெட்ஷீட், புது கீசர், சுத்தம் செய்ய வரும் அக்காவுக்கு அரை நாள் கூலி 400 என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. வருவதற்கு முந்தின நாள் காலையில் “பிளான் மாறிவிட்டது” என்று ஒரே வரி, கேன்சல். நான் வைத்திருந்தது ஃபிளெக்ஸிபிள் என்கிற தளர்வான கேன்சல் பாலிசி, அதனால் ஒரு பைசா வரவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றே அதைவிடக் கொஞ்சம் கறாரான மாடரேட் பாலிசிக்கு மாற்றினேன். இப்போது இரண்டாவது புக்கிங். வரும் வியாழன் மதியம் 1 மணிக்கு வந்து ஞாயிறு காலை போவதாக, மூன்று இரவு, 7200 ரூபாய். ஹைதராபாத்காரர். சற்று முன் சாட்டில் எழுதுகிறார்: கம்பெனி டிரெய்னிங்கை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டார்களாம், அவர் கேன்சல் செய்தால் பாதிக்கு மேல் பணம் போகிறதாம், அதனால் நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து கேன்சல் செய்துவிடுங்கள், எனக்கு முழுப் பணமும் வந்துவிடும், உங்களுக்கும் நஷ்டமில்லை என்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். அந்தப் பட்டன் வரைக்கும் போய்விட்டேன். அழுத்தலாமா?

கோரமங்கலா அக்கா
செவ்வாய், இரவு 10.58

தம்பி, அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அழுத்தினால் அது ஹோஸ்ட் கேன்சல், அதாவது வீடு விடுகிறவரே செய்தது, கெஸ்ட் கேட்டுத்தான் செய்தேன் என்று பிறகு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட் கேன்சலுக்குக் கட்டணம் உண்டு. வருவதற்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10 சதவீதம், 30 நாளிலிருந்து 48 மணி நேரம் வரை 25, 48 மணி நேரத்துக்குள் என்றால் 50. வியாழன் மதியத்துக்கு இன்னும் முப்பத்தெட்டு மணி நேரம்தான் இருக்கிறது, ஆக நீங்கள் 50 சதவீதத்தில் நிற்கிறீர்கள். 7200இல் பாதி 3600, ஆனால் குறைந்தபட்சம் 50 டாலர் என்று ஒரு விதி இருக்கிறது, அது இன்றைய விலையில் 4000 ரூபாயைத் தாண்டும். அடுத்து வருகிற வருமானத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதோடு அந்த மூன்று நாளும் காலெண்டரில் பூட்டிக்கொள்ளும், வேறு யாருக்கும் விட முடியாது. சூப்பர்ஹோஸ்ட் என்று தளம் கொடுக்கிற பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் கேன்சல் விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வருடத்துக்கு நூறு புக்கிங் பார்க்காத ஒற்றை மாடி வீட்டுக்கு ஒரு கேன்சலே அதைத் தாண்டிவிடும்.

அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். இது ஹோஸ்ட் பக்கம் என்ன செய்யும் என்று நிறைய பேருக்குத் தெரியாது. அதனால் கோபப்படாமல் இப்படி எழுதுங்கள், அவருக்குப் புரிகிற மொழியில், கண்டிப்பாக ஆப் சாட்டிலேயே:

“உங்கள் நிலைமை புரிகிறது. நான் கேன்சல் செய்தால் எனக்கு அபராதமும் விழும், அந்த நாட்களும் பூட்டிப்போகும், அதனால் செய்ய முடியாது. நீங்கள் இன்று இரவே கேன்சல் செய்துவிட்டால் வெள்ளி, சனிக்கு வேறு ஆள் வர வாய்ப்பு இருக்கிறது. அப்படி வந்தால், எனக்கு 7200க்கு மேல் வருகிற பணம் எவ்வளவோ அதை உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். தேதி மாற்றிக்கொள்ள விரும்பினால் அதற்கும் தயார்.”

2019இலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான். பாலிசிப்படி வருவதை வாங்கிக்கொள்வேன், நாள் மறுபடி விற்றுப்போனால் மிஞ்சியதை நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரே இரவை இரண்டு பேருக்கு விற்று இரண்டு பேரிடமும் பணம் வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

ஒன்று மட்டும் கவனம். தேதி மாற்ற ஒப்புக்கொள்வதற்கு முன்னால், புதிய தேதிக்குக் கேன்சல் கெடு எந்த நாள் வரை என்று திரையில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டு அப்புறம் நிதானமாக முழுப் பணத்தோடு வெளியே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

மர்ஃபி டவுன் மாடி
செவ்வாய், இரவு 11.15

நன்றி அக்கா. தொடவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இல்லை.

சர்ஜாபூர் ரோடு வாசி
புதன், காலை 7.20

பாலிசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், புதிதாக வருகிற எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஃபிளெக்ஸிபிள் என்றால் வருவதற்கு 24 மணி நேரம் முன்பு வரை முழுப் பணமும் கெஸ்ட்டுக்கு. மாடரேட் என்றால் 5 நாள் முன்பு வரை முழுசாகத் திரும்பும், அதற்குப் பிறகு முதல் இரவும் மீதி இரவுகளில் பாதியும் உங்களுக்கு. உங்கள் கணக்கில் 2400, அப்புறம் 4800இல் பாதி 2400, ஆக 4800 உங்களுக்கு, 2400 அவருக்கு. இதில் தளத்தின் கட்டணம் தனி. லிமிடெட் என்று ஒன்று 2025 அக்டோபரில் வந்தது: 14 நாள் முன்பு வரை முழுசும், 7 நாள் வரை பாதியும் திரும்பும். ஃபர்ம் என்றால் அதுவே 30 நாள், 7 நாள்.

அதே அக்டோபரில் இன்னொரு மாற்றமும் வந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை. வருகிற தேதிக்கு 7 நாளாவது இருக்கும்போது புக் செய்தவர், எந்தப் பாலிசியாக இருந்தாலும் புக் செய்த 24 மணி நேரத்துக்குள் இலவசமாகக் கேன்சல் செய்யலாம். அதனால் புக்கிங் வந்ததும் அதை உறுதி என்று எண்ணாதீர்கள். அந்த ஒரு நாள் கழியும் வரை நான் சுத்தம் செய்கிற ஆளுக்குச் சொல்வதில்லை, வேறு யார் கேட்டாலும் இல்லை என்று அடித்துச் சொல்வதுமில்லை.

இன்னொன்று. ஒரே ஒரு இரவு புக்கிங்குக்கு ஃபிளெக்ஸிபிளும் மாடரேட்டும் தொகையில் ஒன்றுதான். கெடு தாண்டினால் இரண்டிலும் முதல் இரவு உங்களுக்கு வருகிறது, இருப்பதே அந்த ஒரு இரவுதான். வித்தியாசம் கெடு 24 மணி நேரமா, 5 நாளா என்பதில் மட்டும். ஏர்போர்ட் பக்கம் ஓர் இரவு தங்கலுக்கே வீடு வைத்திருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

இந்திராநகர் டபுள் ரோடு
புதன், காலை 8.05

மேலே சொன்னது சரி. ஆனால் புதியவர் எடுத்ததும் மாடரேட், ஃபர்ம் என்று போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ரெவ்யூகூட இல்லாத வீட்டை, பணமும் திரும்பாது என்று தெரிந்தே யார் புக் செய்வார்கள்? முதல் பத்து கெஸ்ட் வரும் வரை ஃபிளெக்ஸிபிளில் இருங்கள். நஷ்டம் வரும், வரட்டும். அது கடைக்குப் போர்டு மாட்டுகிற செலவு மாதிரி.

சர்ஜாபூர் ரோடு வாசி
புதன், காலை 8.30

அது இந்திராநகரில் சரி. தெருவில் இறங்கி நடந்தால் மெட்ரோ, கேன்சல் ஆன மத்தியானமே வேறு ஆள் கிடைப்பார். என் வீடு பெல்லந்தூர் ஏரியைத் தாண்டி. திங்கள் முதல் வியாழன் வரை ஐடி பார்க்குக்கு வருகிறவர்கள், அவர்கள் ஒரு வாரம் முன்பே முடிவு செய்கிறவர்கள். முந்தின நாள் கேன்சல் ஆனால் என் வீடு காலிதான். அவரவர் தெருவில் கடைசி நேர ஆள் வருகிறாரா என்பதைப் பார்த்துத்தான் பாலிசி. மர்ஃபி டவுன் இரண்டுக்கும் நடுவில் என்பேன், அல்சூர் மெட்ரோ பக்கம்தானே.

வில்சன் கார்டன் வீடு
புதன், பிற்பகல் 2.10

என் அனுபவம் வேறு மாதிரி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் நிமான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரிக்கும் வருகிற குடும்பங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருப்பத்தூர். போனில் நேராகக் கூப்பிடுவார்கள், ஆப் எல்லாம் பாதிப் பேருக்குத் தெரியாது. இவர்களுடைய தேதி இவர்கள் கையில் இல்லை. கீமோ கொடுக்க வரச் சொல்லியிருப்பார்கள், முந்தின நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அணுக்கள் குறைந்திருக்கும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்பார்கள். இதற்குக் கேன்சல் சார்ஜ் போட எனக்கு மனம் வரவில்லை, அதே சமயம் மாதம் நான்கு புக்கிங் இப்படிப் போனால் லீஸ் பணத்துக்கு நான் எங்கே போவது?

அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஓர் இரவு வாடகை மட்டும் முன்பணம். அது திரும்பாது, ஆனால் கெடாது. ஆறு மாதத்துக்குள் எந்தத் தேதிக்கு வந்தாலும் அதைக் கழித்துக்கொள்வேன். பணம் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பி, அவர்கள் “சரி” என்று பதில் போட்ட பிறகுதான் தேதியைப் பிடித்து வைப்பேன். போனில் சொன்னது காற்றோடு போய்விடும், மூன்று வாரம் கழித்து அவர்களுக்கும் நினைவிருக்காது, எனக்கும் நினைவிருக்காது.

போன வருடம் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மகள் கூட்டி வருவதாக இருந்தது. வருகிற அன்று காலை ஐந்தரைக்கு மகள் போன். “அண்ணே, அப்பாவுக்குக் காய்ச்சல், இப்ப வர முடியாது” என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே “அந்த முன்பணம் போனாப் போகட்டும்ணே” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பணம் எங்கேயும் போகாது தாயே, அப்பாவைப் பாருங்கள் என்றேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்தார்கள், அப்புறம் ஐந்து வாரம் இருந்தார்கள். காலையில் என் வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பெரியவர், நான் ஆபீஸ் கிளம்பும்போது “மழை வரும், குடை எடுங்க” என்பார்.

யாருக்குப் பணத்தை விட்டுக்கொடுப்பது, யாருக்குக் கூடாது என்பதைக் கேன்சல் வந்த பிறகு யோசிக்காதீர்கள். அப்போது கோபம் இருக்கும், இல்லாவிட்டால் அழுகை இருக்கும். சும்மா இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் தாளில் இருப்பது: நோய், சாவு, குழந்தை என்றால் அப்படியே விட்டுவிடுவேன். ஆபீஸ் காரணம் என்றால் தேதி மாற்றித் தருவேன். வேறு வீடு மலிவாகக் கிடைத்தது என்றால் பாலிசிதான். மருத்துவச் சீட்டு கேட்பதில்லை. ஒரு சிலர் பொய் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும்.

சிவாஜிநகர் ஹோஸ்ட்
புதன், மாலை 6.45

மேட்ச் நாட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சின்னசாமி எங்களுக்கு நடக்கிற தூரம், மர்ஃபி டவுனுக்கும் அதிக தூரமில்லை. ஐபிஎல் அட்டவணை வந்த அன்றே புக்கிங் குவியும், ஆனால் ஒரே ஆள் மூன்று வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு டிக்கெட் கிடைத்த பிறகு இரண்டை விடுவார். 2025 மே மாதம் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். நடுவில் ஆட்டங்களை ஒரு வாரம் நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கிய அன்று, மே 17, இங்கே டாஸ்கூடப் போட முடியாமல் மழை. அடுத்து 23ஆம் தேதி ஹைதராபாத்தோடு இங்கே நடக்க வேண்டிய ஆட்டத்தை மழைக்குப் பயந்து லக்னோவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே நாளில் எனக்கு நான்கு கேன்சல்.

அப்போது ஒரு கெஸ்ட் “மேட்சே இல்லை, இது இயற்கைச் சீற்றம், முழுப் பணம் வேண்டும்” என்று வாதாடினார். ஏர்பிஎன்பியில் அதற்கென்று ஒரு விதி இருக்கிறது, 2024 ஜூனிலிருந்து பெரிய இடையூறுகளுக்கான பாலிசி என்று பெயர். வெள்ளம், போர், அரசாங்கத் தடை, தங்குகிற ஊரையே முடக்குகிற நிகழ்வு என்றால் உங்கள் பாலிசியைத் தாண்டி முழுப் பணமும் கெஸ்ட்டுக்குப் போகும். ஆனால் மேட்ச் மாறியது, கச்சேரி ரத்தானது, சொந்த உடம்பு சரியில்லை, ஃபிளைட் போனது, பஸ் ஸ்டிரைக் எல்லாம் அதில் சேராது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் சாட்டில் பதற்றமில்லாமல் பேசலாம். அவருக்கு இந்த விதியின் பக்கத்தை அனுப்பினேன், புரிந்துகொண்டார்.

சர்ஜாபூர் ரோடு வாசி
புதன், இரவு 8.15

அந்த விதி வேறு பெயரில் இருந்தபோதே எங்கள் பக்கம் ஒரு தடவை வேலை செய்தது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியபோது எங்கள் லேஅவுட்டுக்குள் டிராக்டரில்தான் போய்வந்தோம். சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போது கெஸ்ட்டை வரச் சொல்வதே பாவம், நான்தான் கேன்சல் செய்தேன். பேஸ்மென்ட், மீட்டர் பெட்டி, வாசல் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து சப்போர்ட்டுக்கு அனுப்பினேன், அபராதம் இல்லை. வீட்டில் நிஜமாகவே தங்க முடியாது என்றால், பட்டனை நேரடியாக அழுத்தாமல் முதலில் சப்போர்ட்டிடம் ஆதாரத்தோடு பேசுங்கள்.

பந்த் வேறு கதை. 2023 செப்டம்பர் 26, காவிரிக்காக பெங்களூரு பந்த். சேலத்திலிருந்து வந்த கெஸ்ட் ஓசூர் எல்லையில், ஜுஜுவாடியில், பஸ்ஸோடு நின்றுவிட்டார். விதிப்படி அவருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் ஒரு நாள் தள்ளிக் கொடுத்தேன். அன்றைக்கு வேறு யாரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும், அவர் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

தேவனஹள்ளி ஓரம்
புதன், இரவு 9.00

2025 டிசம்பர் முதல் வாரம், நாடு முழுக்க ஃபிளைட்கள் நூற்றுக்கணக்கில் ரத்தான நாட்கள். ஒரே காலையில் எனக்கு மூன்று கேன்சல், மத்தியானத்துக்குள் அதே மூன்று அறைக்கும் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் வந்துவிட்டார்கள். கேன்சல் ஆனதும் விலையைப் பார்க்காமல் முதலில் காலெண்டரைப் பாருங்கள், நாள் நிஜமாகவே திறந்திருக்கிறதா என்று. “முன்கூட்டியே அறிவிப்பு ஒரு நாள்” என்று செட்டிங் வைத்திருந்தால் அன்றைய தேதி யாருக்கும் காலியாகக் காட்டாது. எனக்கு அப்படி இரண்டு வாரம் வீணாகப் போனது.

கோரமங்கலா அக்கா
புதன், இரவு 9.25

அதோடு இரண்டு தளத்தில் போட்டிருப்பவர்கள் கவனம். ஒன்றில் கேன்சல் ஆனால் இன்னொன்றில் உடனே திறக்காது, ஒன்றில் புக் ஆனால் இன்னொன்றில் உடனே மூடாது. காலெண்டர் இணைப்பு சில மணி நேரம் பின்தங்கியே ஓடும். எனக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு குடும்பம் வாசலில் நின்றது. ஒரு குடும்பத்தைப் பக்கத்துத் தெரு ஹோஸ்ட் வீட்டில் வைத்து, வித்தியாசத்தை நான் கொடுத்தேன். அந்த அம்மா கைக்குழந்தையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எந்தத் தளத்தில் எது நடந்தாலும் மற்றதைக் கையாலேயே திறந்து மூடுகிறேன்.

புக்கிங் டாட் காமில் “வந்து பணம் தருகிறேன்” வகையில் ஆள் வராவிட்டால் உங்களுக்குப் பைசா இல்லை. அதைவிட முக்கியம், வரவில்லை என்று உள்ளே போய்க் குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் வந்து தங்கியதாகவே கணக்காகி கமிஷன் பில் வரும்.

ஈஜிபுரா இரண்டாவது மாடி
புதன், இரவு 10.10

நேரடி புக்கிங் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேன்சல் பேரில் நடக்கிற திருட்டு இது, என் அப்பாவிடமே முயன்றார்கள். ஒருவன் போன் செய்து ஐந்து நாளுக்கு வீடு கேட்டான், அட்வான்ஸ் 1000 போடுகிறேன் என்றான். பத்து நிமிடத்தில் அப்பா போனுக்கு 10,000 வரவு என்று ஒரு எஸ்எம்எஸ். உடனே போன்: “அங்கிள், ஒரு சைபர் அதிகமாகப் போட்டுவிட்டேன், புக்கிங்கும் வேண்டாம், அம்மா ஆஸ்பத்திரியில், 9000 மட்டும் திருப்பி அனுப்புங்கள்.” பின்னால் யாரோ அழுகிற சத்தம். அப்பா அனுப்பப் போனார், நான் நல்ல வேளையாக அங்கே இருந்தேன். பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்தால் வரவே இல்லை. எஸ்எம்எஸ் வந்தது சாதாரண மொபைல் எண்ணிலிருந்து.

ஆகவே ரீஃபண்ட் அனுப்பும் முன் பேங்க் ஆப்பில் பேலன்ஸ் பாருங்கள், எஸ்எம்எஸ்ஸையோ ஸ்கிரீன்ஷாட்டையோ பார்க்காதீர்கள். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை. கியூஆர் அனுப்பி ஸ்கேன் செய்து பின் போடுங்கள் பணம் வரும் என்று சொன்னால், போனை வைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் புக்கிங் போன் எடுக்கிறார்கள் என்றால் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

கணக்கு பார்ப்பவன்
வியாழன், காலை 9.30

ஒரு சின்னக் குறிப்பு. கேன்சலில் வந்த பணமும் வருமானம்தான், தங்கவில்லையே என்று கணக்கில் விட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் தளங்கள் நமக்குத் தரும் பணத்தில் முன்கூட்டியே பிடிக்கிற வரி (டிடிஎஸ்) 0.1 சதவீதம், அதற்கு முன் 1 சதவீதமாக இருந்தது. தனிநபருக்கு வருடத்தில் 5 லட்சம் வரை, பான் கொடுத்திருந்தால், பிடிப்பதில்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள், கேன்சல் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கு உள்ள அதே விகிதம்தான் என்று 2022 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கை சொல்கிறது.

கோரமங்கலா அக்கா
வியாழன், காலை 10.05

பணம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நான் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மார்ச் 14இலிருந்து ஏப்ரல் 14 வரை வரவேண்டியவர்களுக்கு, யார் என்ன பாலிசி வைத்திருந்தாலும், முழுப் பணமும் திரும்பியது. பிறகு ஏர்பிஎன்பி 25 கோடி டாலர் ஒதுக்கி, கேன்சல் பாலிசிப்படி ஹோஸ்ட்டுக்கு வந்திருக்க வேண்டியதில் 25 சதவீதம் கொடுத்தது. என் ஓனருக்கு வாடகை கொடுக்க வளையலை அடகு வைத்தேன். அதிலிருந்து இரண்டு மாத வாடகை தனிக் கணக்கில் கிடக்கிறது, பெட்ஷீட் கிழிந்தாலும் அதில் கை வைப்பதில்லை. தம்பிக்குச் சொந்த வீடு, அந்தப் பயம் இல்லை. லீஸுக்கு எடுத்து விடலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் அந்த இரண்டு மாதத்தை எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

மர்ஃபி டவுன் மாடி
ஞாயிறு, இரவு 9.50

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

செவ்வாய் இரவு பன்னிரண்டேகாலுக்கு ஹைதராபாத்காரர் அவரே கேன்சல் செய்துவிட்டார். “உங்களுக்கு அபராதம் விழும் என்று எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்” என்று எழுதியிருந்தார். பாலிசிப்படி எனக்கு 4800. புதன் காலை வெள்ளி, சனி இரண்டு நாளுக்கும் விலையை 2200 ஆக்கினேன். சாயந்திரம் மதுரையிலிருந்து ஒரு தம்பதி எடுத்தார்கள், மகள் காலேஜ் சேர்க்கைக்காக. 4400. மொத்தம் 9200, நான் முதலில் எதிர்பார்த்தது 7200. மிச்சம் 2000ஐ இன்றைக்கு ஆப் வழியாகவே ஹைதராபாத்காரருக்கு அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில், ஜனவரியில் மனைவியோடு வருகிறாராம்.

அம்மா முதலில் “வந்த பணத்தை யாராவது திருப்பித் தருவார்களா” என்றார். அப்புறம் அவரே மதுரைக்காரர்களுக்கு இட்லி கொடுத்தனுப்பினார்.

பாலிசி மாடரேட்டிலேயே வைத்திருக்கிறேன். இந்திராநகர் சார் சொன்னது யோசிக்க வைத்தது, ஆனால் மர்ஃபி டவுனில் கடைசி நேர ஆள் எப்படி வருகிறார் என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

வில்சன் கார்டன் வீடு
ஞாயிறு, இரவு 10.20

நல்லது தம்பி, மனம் நிறைந்தது. ஒன்று கேட்கிறேன், முதல் கேன்சல் அன்று சுத்தம் செய்கிற அக்காவுக்கு அந்த 400 கொடுத்தீர்களா? நமக்குக் கேன்சல் என்றால் அவருக்கும் அன்றைய கூலி போகிறது, அவருக்குப் பாலிசி எழுதிக் கொடுக்க யாருமில்லை.

மர்ஃபி டவுன் மாடி
ஞாயிறு, இரவு 10.32

அன்று கொடுக்கவில்லை அண்ணா. வேலையே இல்லையே என்று 100 மட்டும் கொடுத்தேன், அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு வருவார், மீதி 300ஐ எடுத்து வைத்துவிட்டேன். இனி முந்தின நாள் சாயந்திரத்துக்குப் பிறகு கேன்சல் ஆனால் முழுக் கூலி, அதற்கு முன்னால் என்றால் பாதி என்று அவரிடமே பேசிக்கொள்கிறேன்.